மேனேஜரின் மேசைக்கு அடியில்

வெள்ளையாக நின்றுபோன ஒரு கணினித் திரை. அதன் நடுவில் சின்னதாக ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு திங்கட்கிழமை காலை. கஸ்டம்ஸ் பக்கம் திறக்க வேண்டும், திறக்கவில்லை. என் நாற்காலியின் முதுகில் ஒரு கை வந்து விழுந்தது. திரும்பிப் பார்க்காமலேயே அது மேனேஜரின் கை என்று தெரிந்தது. “இன்னாமா, காலீல சோறு துன்னியா?” என்று கேட்டார். ஆபீஸே என் தலைமேல் இடிந்து விழப்போகிற நேரத்தில் அந்த மனுஷர் கேட்ட கேள்வி அது. நான் சாப்பிடவில்லை. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அப்போதும் நான் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ராயபுரத்தில், கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கப்பலில் போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கிற வேலை. அந்தக் காகிதமெல்லாம் இணையத்தில்தான் ஏற வேண்டும். அது ஏறினால்தான் ட்ரெய்லர் துறைமுக கேட்டுக்குள் போகும், இல்லாவிட்டால் ரோட்டிலேயே நிற்கும். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது கெட்டுப்போன மெஷின்களைப் பிரித்து, கேட்டு, பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. அங்கே ஜெராக்ஸ் எடுக்க வந்த மேனேஜர்தான் என்னை இங்கே கூட்டிவந்து சேர்த்தார். வீட்டில் நானும் அம்மாவும். இந்த வேலை போனால், சர்டிபிகேட் இல்லாத ஒருத்தியை வேறு எந்த ஆபீஸும் சர்வர் பக்கத்தில்கூட விடாது. இது எனக்கு ராத்திரியும் பகலும் தெரிந்தே இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்துக்காரர். கட்டையான உடம்பு, பாக்கெட்டில் எப்போதும் மூக்குக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவருடைய பெயரே எங்களுக்குள் எக்ஸ்ரே கண்ணு. யாருக்கு என்ன கஷ்டம் என்பது சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும். டாகுமெண்ட் பார்க்கிற அண்ணனுக்கு ஒரு பையன். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அண்ணன் அதை ஆபீஸில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பெரம்பூரில் இந்தமாதிரி குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டாக்டரம்மாவின் விலாசத்தைக் கையில் வைத்தார். அண்ணன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவர் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து நின்று, ஒருவரிடமும் சொல்லாத என் வேதனையைக் கர்த்தர் என் மேனேஜருக்கு வெளிப்படுத்தினார் என்று சாட்சியே சொன்னார். பையன் இப்போது பேசுகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஒரு சமயம் தொண்டையில் ஏதோ கட்டி இருக்கிற மாதிரி எனக்கு ஒரு பயம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் செத்துப்போய்விடுவேன் என்று தோன்றும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபிறகு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்து படிப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். ஒருநாள் மேனேஜர் வந்து, “இன்னிக்கு லீவு எடுத்துக்கோ. போய் டாக்டராண்ட ஒருவாட்டி காட்டிட்டு வா. பயந்து பயந்தே செத்துடாத, இன்னா?” என்றார். போனேன். ஒன்றுமில்லை, வெறும் பயம்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்கும், இவர் படித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கணிப்புத் தப்பிப்போனது எனக்குத் தெரிந்து ஒரே ஒருமுறைதான். அக்கவுண்ட்ஸில் இருந்த பெண்ணிடம் போய், “கவலப்படாத, நல்ல மாப்ள வருவான்” என்று சொன்னார். அவள் முழித்தாள். “சார், பொண்ணு பாக்கறது எங்க அண்ணனுக்கு சார்” என்றாள். எக்ஸ்ரேவில் கொஞ்சம் நிழல் தட்டிப்போச்சு என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இனி அந்தச் சர்வர் விஷயம். எங்கள் ஆபீஸில் எந்தக் கணினியும் நேராக இணையத்துக்குப் போகாது. எல்லாம் ஒரே ஒரு கணினி வழியாகத்தான் போய்வரும். துறைமுகத்தில் எந்த வண்டியாக இருந்தாலும் கேட்டில் நின்று போகிறதில்லையா, அப்படி. அந்தக் கேட்டுக் கணினிக்கு ப்ராக்ஸி சர்வர் என்று பெயர். அதில் ஓடிய மென்பொருள் ரொம்பப் பழசு. கஸ்டம்ஸ் பக்கத்தில் பாதுகாப்பு முறையை மாற்றிவிட்டார்கள், பழையதோடு அது ஒத்துப்போகாமல் அடம்பிடித்தது. புதுசு போட்டே ஆகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தனியாக வந்து போட்டேன். பழைய அமைப்புகளையெல்லாம் எனக்கு முன்னால் இருந்த சிஸ்டம்காரர் எழுதிவைத்துப் போயிருந்தார். அதில் பாதி எனக்குப் புரியாது, புரியாததைத் தொடவும் மாட்டேன். புது மென்பொருளே பழைய அமைப்பை வாசித்துத் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. பத்துப் பக்கம் திறந்து பார்த்தேன். கொஞ்சம் யோசித்துத் திறந்த மாதிரி இருந்தது, ஆனால் திறந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் நெட் படுத்துவிட்டது. ஒரேயடியாக நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை, காரணம் தேடலாம். இது போகும், ஆனால் ஊர்ந்து போகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். பாதி காகிதம் ஏறும்போது, நேரம் முடிந்துவிட்டது மறுபடி உள்ளே வா என்று கஸ்டம்ஸ் பக்கம் வெளியே தள்ளும். டாகுமெண்ட் அண்ணன் மேசையைத் தட்டினார். “சனிக்கெழம வரிக்கும் நல்லாத்தானம்மா ஓடிகினு இருந்துச்சு? இன்னாத்துக்கு அத்த போயி நோண்டின?” அதற்குள் கேட்டில் நிற்கிற ட்ரெய்லர் டிரைவர் எனக்கே போன் போட்டுவிட்டார். அவர் வண்டியில் இறால் கன்டெய்னர், கப்பல் காத்திருக்காது. “இன்னா தங்கச்சி, பேப்பர் வருமா வராதா? பின்னாடி கீறவன் ஹாரன் அட்ச்சே என் காத கிழிச்சுடுவான் போல கீது” என்றார். நெட் ஸ்லோ அண்ணா என்றேன். “உங்க நெட்டும் நம்ம எண்ணூர் ஹைரோடும் ஒரே காண்ட்ராக்டர் போட்டதா?” என்றார். சிரிப்பு வரவில்லை.

சின்னவர் வந்தார். முதலாளியின் மகன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அந்த வருஷம்தான் பொறுப்பெடுத்திருந்தார். சத்தம் போட மாட்டார், அதுதான் இன்னும் பயம். “ஒன்பதாவது படிச்சவங்க கையில சர்வரக் குடுத்தது எங்கப்பா பண்ண தப்பு” என்று எல்லோர் முன்னாலும் சாதாரணமாகச் சொன்னார். “மதியத்துக்குள்ள சரியாகணும். இல்லன்னா வெளிய ஒரு கம்பெனியக் கூப்பிடறேன். அவங்க வந்துட்டா உனக்கு இங்க வேலை இல்ல.” மேனேஜர்தான் குறுக்கே வந்து, “நான் கேட்டாண்ட போயி அந்த எறால் வண்டிய கொஞ்ச நேரம் நிக்க வெக்க சொல்லிப் பாக்கறேன். நீ நிதானமா பாருமா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்காகத்தான் போனார். அந்த வெயிலில் அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இணைய இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன், அவர்கள் பக்கத்தில் எல்லாம் சரி என்றார்கள். கேட்டுக் கணினியிலேயே நேராக உட்கார்ந்து பக்கங்களைத் திறந்தேன், சடசடவென்று திறந்தன. அப்படியென்றால் வெளியே ரோடு காலி, நெரிசல் கேட்டில்தான். சேர்த்துவைத்திருந்த பழைய பக்கங்களையெல்லாம் அழித்துப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில், இந்தக் கேட்டுக் கணினி யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும் ஒரு கட்டளை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் கேட்டுக் கணினி வெளியே போவதற்கு முன் உள்ளேயே, எங்கள் ஆபீஸுக்குள்ளேயே, வேறொரு கணினியின் எண்ணுக்கு ஏதோ ஒரு வரியை அனுப்புகிறது. அந்த எண், வந்தது என்று பதில் சொல்லும்வரை அசையாமல் நிற்கிறது. பதில் வந்தபிறகுதான் அடுத்த வேலை. பழைய மென்பொருளும் அந்த வரியை அனுப்பித்தான் இருக்கிறது. ஆனால் அது கதவிடுக்கில் கடுதாசியைச் செருகிவிட்டு நடையைக் கட்டுகிற தபால்காரர் மாதிரி. புதுசு, கையெழுத்து வாங்காமல் வாசலை விட்டு நகராத தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை நான் ஒருத்தி மட்டும் இருந்ததால் தெரியவில்லை. இன்று ஆபீஸே வரிசையில் நிற்கிறது, கையெழுத்துப் போடுகிற ஆளோ கிழட்டு ஆள்.

யார் அந்த ஆள்? என் கணக்கில் அப்படி ஒரு கணினியே கிடையாது. கணினி ஒயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில், அந்த எண்ணுக்குப் போகிற ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாக, பீரோவுக்குப் பின்னால், தண்ணீர் கேனைத் தாண்டி அது மேனேஜரின் அறைக்குள் போனது. அவர் அறையை என்றைக்கும் பூட்டியதில்லை. மேசைக்கு அடியில் முட்டிபோட்டுப் போனேன். பச்சைத் துணி போட்டு மூடிய ஒரு பழைய பெட்டி. அவர் கால் வைத்துக்கொள்ளும் மரப்பெட்டி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். துணியைத் தூக்கினால் ஒரு பழைய கணினி. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். வீடே இல்லையென்றால் தபால்காரர் யாரிடம் கையெழுத்துக்கு நிற்பார்? ஹாலிலிருந்து கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. “வந்துட்ச்சு! வந்துட்ச்சு!” டாகுமெண்ட் அண்ணன், “ஸ்தோத்திரம்!” என்று கத்தினார். எனக்கு மேசைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மேசைமேல் இருந்த திரைக்கு அடியில் ஒரு பொத்தான் இருந்தது, இந்தப் பெட்டிக்கும் அவர் வேலை பார்க்கிற கணினிக்கும் மாற்றிக்கொள்ள. அழுத்தினேன். ஒயர் பிடுங்கிய இடத்தில் நின்றுபோன வரிகள் தெரிந்தன, மேலே தள்ளத் தள்ளப் பல மாதத்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், எங்கள் பெயர். பக்கத்தில் அந்த ஆள் எந்த இணையதளத்தின் கதவைத் தட்டினார் என்று ஒரு விலாசம். உள்ளே போய் என்ன படித்தார் என்பது அதில் வராது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் விலாசமும், பேசாத குழந்தைகளுக்கான பள்ளிக்கூடத்தின் விலாசமும், பெண் மாப்பிள்ளை பார்க்கிற தளத்தின் விலாசமும் போதாதா? அக்கவுண்ட்ஸ் பெண்ணின் அண்ணனுக்குப் பதிலாக அவளுக்கே மாப்பிள்ளை வரும் என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்து பயந்த அந்தப் பயமெல்லாம், ஒவ்வொரு மதியமும் இந்த மேசைக்கு அடியில் வந்து விழுந்திருக்கிறது. ஹாலில் உடம்பில் துணியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, இந்த உலகத்தில் அம்மாவுக்கு அடுத்து நான் நம்பிய ஆள்.

அவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். “எறால் வண்டி உள்ள பூட்ச்சுமா! பேப்பர் ஏறிடுச்சாமே?” என்று சிரித்துக்கொண்டே நுழைந்தவர் திரையைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு எப்படி அணைந்தது என்பதை என்னால் எழுத முடியாது.

“சார், நாங்க பாக்கறது எல்லாம் இதுல வருது.”

“தெரியும்.”

“நான் பாக்கறதுமா சார்?”

“நீ பாக்கறதும்தான்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “பெரிய மொதலாளி வெக்க சொன்னாரு. எவன் வேல நேரத்துல படம் பாக்கறான், எவன் வேற வேல தேடறான்னு சொல்லணும்னாரு. நான் ஒருத்தனையும் மாட்டி வுட்டது இல்லமா. அல்லாரும் ஒழுங்கா கீறாங்கோ, ஒழுங்கா கீறாங்கோன்னு சொல்லியே ஓட்டிகினு இருந்தேன்.”

“அப்ப எதுக்கு சார் பாத்தீங்க?”

வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். “மொதல்ல அவருக்கோசரம் பாத்தேன். அப்பால பாக்காம இருக்க முடில. நீ தெனம் அந்த ஆஸ்பத்திரியத் தொறந்து தொறந்து மூடிகினு கீற. அத்த பாத்துட்டு எப்பிடிமா சும்மா இருக்கறது? நீ வாயத் தொறந்து சொல்ற ஆளா?”

நான் சொல்கிற ஆள் இல்லை. அது அவருக்குத் தெரியும். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. சின்னவர் ஹாலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டார். என் வாயில் உண்மை வரவில்லை. “ஒரு கேபிள் சார்” என்றேன். “காலையில இருந்து ஒரு கேபிளையா தேடிட்டிருந்த? நாளைக்குத் திரும்ப வராதுன்னு என்ன நிச்சயம்?” ஓர் உண்மையைச் சொல்லாமல் மீதியை விளக்க முடியாது. “வேணாம். நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். நீ இந்த மாசத்தோட…” என்று அவர் ஆரம்பித்தபோது பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். என் ரூம்ல ஒரு மிசினு கீது. இங்க யாரு இன்னா பாத்தாலும் அதுல வந்து வுழும். உங்கப்பா வெக்க சொன்னாரு, நான் வெச்சேன். புது சாப்ட்வேருக்கும் அதுக்கும் ஒத்துக்கல, அதான் ஸ்லோ. அந்த ஒயர புடுங்கிட்டுச்சு, சரியாய்ட்ச்சு. அவ்ளோதான்.”

அக்கவுண்ட்ஸ் பெண் தன் திரையைக் கையால் மறைத்தாள், அதில் ஒன்றுமே இல்லை. டாகுமெண்ட் அண்ணன் மெதுவாக எழுந்து நின்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் குழந்தைக் குரல் மாதிரி வந்தது. “என் புள்ள விசயம் இதுலதான் பாத்தியா சார்? கர்த்தர் சொன்னாருன்னு நான் சபையில சாட்சி சொன்னேனே சார். அம்மாம் ஜனம் அல்லேலூயா சொல்லிச்சே.” மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சின்னவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் தெரியவில்லை. இதெல்லாம் எல்லா கம்பெனியிலும் இருக்கிறதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, “சரி, இரு” என்றார். அந்த இரண்டு வார்த்தையில் என் வேலை எனக்குத் திரும்பி வந்தது. மேனேஜருக்கு என்ன போனது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ஹாலில் நடந்து வந்தால் கீபோர்டுகள் நிற்கும். சோறு துன்னியா என்று கேட்டால், இந்தாளுக்கு இது எப்படித் தெரிந்தது என்கிற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். டாகுமெண்ட் அண்ணன் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. காப்பாற்றிவிட்டவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. மழைக்காலம் வருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டார். பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை.

இப்போது எங்கள் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்ட ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறது. இங்கே இணையப் பயன்பாடு கண்காணிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. வேலைக்குச் சேருகிறவர்கள் அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. தங்கள் பயங்களைத் தங்கள் சொந்த போனில் பார்த்துக்கொள்கிறார்கள். யாருக்கு என்ன கஷ்டம் என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. என் அம்மா போன ஆடியில் இறந்தபோது, லீவு முடிந்து வந்த என்னிடம் எல்லோரும் வருத்தம் சொன்னார்கள். அதன்பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் குறை இல்லை. நான் சொல்கிற ஆளும் இல்லை.

சில வாரங்களுக்கு முன் ராயபுரம் ஸ்டேஷனில் மேனேஜரைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தார். மகள் வீடு மீஞ்சூரில் இருக்கிறதாம், அங்கே போக நின்றுகொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“அட, நீயா! நல்லா கீறியாமா?” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நல்லாதான் கீற. மூஞ்சியப் பாத்தாலே தெர்தே. அம்மா எப்பிடி கீறாங்க?”

எனக்குத் திடுக்கென்றது. என் முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் அவரால் படிக்க முடியவில்லை. எல்லோரையும் போல அவரும் ஒரு மனுஷர், அவ்வளவுதான்.

“அம்மா செத்துட்டாங்க சார்.”

அவர் கையிலிருந்த பை கீழே போனது. “எனக்குத் தெரியாதேமா” என்றார். “ஒருத்தரும் சொல்லலியே. எப்போ? இன்னாமா ஆச்சு?”

மீஞ்சூர் போகிற வண்டி வந்து நின்றது. அவர் ஏறவில்லை. என் கையைப் பிடித்து சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தார். வண்டி போனது. முதலில் காய்ச்சல்தான் வந்தது சார் என்று நான் ஆரம்பித்தேன்.